தங்காத செய்தி

தொண்ணூறுகளின் நடுவில் நான் எலிகளின் மூளையோடு வேலை செய்துகொண்டிருந்தேன். கோலாலம்பூரின் ஓரத்தில் ஒரு பல்கலைக்கழகம். உயிர்வேதியியல் துறை மூன்றாவது மாடியில் இருந்தது. முதுநிலைப் பட்டத்துக்கான ஆய்வு. ஒரே ஒரு புரதத்தைப் பின்தொடர்வதுதான் வேலை.

நரம்பணு ஒன்று பலமாகத் தூண்டப்படும்போது அதற்குள் கால்சியம் பாய்கிறது. அது கிளப்பிவிடும் செய்தி அந்த நரம்பணுவின் நடுக்கரு வரை போகிறது. அங்கே மரபணுக்களின் மேல் இந்தப் புரதம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். செய்தி வந்ததும் அதன் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். பிறகு அது தூங்கிக்கொண்டிருக்கும் சில மரபணுக்களை வேலைக்கு எழுப்பும். அவை புதிய புரதங்களை உண்டாக்கும். இரண்டு நரம்பணுக்களுக்கு இடையிலான தொடர்பு உறுதிப்படும். இன்று கேட்டது நாளையும் நினைவில் இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று அப்போது வந்துகொண்டிருந்த கட்டுரைகள் சொல்லின. கடல் நத்தையில் பார்த்திருந்தார்கள், பழ ஈயில் பார்த்திருந்தார்கள். மனித மூளையிலும் அதே புரதம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தாகச் சுருக்கி கிரெப் என்பார்கள்.

என் பங்கு சிறியது. எலிக்கு ஒரு மணியோசையைக் கேட்கவைத்து, கூடவே காலடியில் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுப்போம். அடுத்த முறை ஓசை மட்டும் கேட்டாலே எலி உறைந்து நிற்கும். அப்படிக் கற்றுக்கொண்ட எலியைக் கொன்று, மூளையின் சில துண்டுகளை எடுத்து அரைத்து, பாஸ்பேட் ஒட்டிய புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். கொல்வது முதல் சில வாரங்கள் கஷ்டமாக இருந்தது. பிறகு இல்லை.

வானொலியின் தமிழ்ப் பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அறிவியல் பேச்சு ஒலிபரப்பாகும். அங்கே வேலை செய்த ஒரு பெண் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருந்தார். அவர் கேட்டுக்கொண்டதால் இந்தப் புரதத்தைப் பற்றி ஒருமுறை பேசினேன். பாஸ்பேட், நடுக்கரு என்றெல்லாம் சொன்னால் கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்று அவர் எச்சரித்திருந்தார். ஆகவே, மூளைக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது, கால்சியம் வந்தால் அது விழும், விழுந்தால் ஞாபகம் நிற்கும், விழாவிட்டால் நிற்காது என்று சொன்னேன்.

என் அப்பா ரயில்வே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கேயே பிறந்தவர்தான், ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சை விடவில்லை. பேச்சு முடிந்ததும் வானொலியை அணைத்துவிட்டு, "நீ கதைச்சது நல்லாத்தான் இருந்தது. ஆனா நாளைக்குச் சனமெல்லாம் பிள்ளையளுக்குக் கால்சியம் குளிசை வாங்கிக் குடுக்கப் போகுது," என்றார்.

"நான் அப்படிச் சொல்லேல்லையே அப்பா."

"நீ சொன்னது வேற. அவை கேட்டது வேற."

கால்சியம் மாத்திரை வாங்கியவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. வந்தது ஒரே ஒருவர்தான்.

அந்தப் பேச்சு ஒலிபரப்பாகி ஒரு வாரம் போயிருக்கும். ஆய்வுக்கூடத்தில் இருந்தேன், கீழே காவலர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. இறங்கிப் போனபோது அறுபதை நெருங்கிய ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நன்றாகப் பாலிஷ் போட்ட சப்பாத்து. மடியில் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் போட்டுத் தரும் பெரிய உறை.

"ரேடியோல பேசினது நீங்கதானே? குரல வச்சே தெரியுது டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல அங்கிள். இங்க படிக்கிறேன்."

"பரவால்ல மா. நான் கிளாங்லேருந்து வரேன். போர்ட்டுல வயர்மேனா இருந்தேன், இப்ப பென்ஷன். அந்த சுவிட்ச்சு சொன்னீங்களே, என் வீட்டுக்காரிக்கு அது விழ மாட்டேங்குது."

கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். தே ஓ, பால் சேர்க்காத தேநீர், வாங்கிக் கொடுத்தேன். அது ஆறும்வரை அவர் தொடவில்லை. விஷயத்தை ஒழுங்காகச் சொன்னார். பல பேரிடம் பல முறை சொன்ன கதை என்பது தெரிந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. மூன்றாம் நாள் உளறத் தொடங்கினார். கிளாங் ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தார்கள். வைரஸ் கிருமி மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். பல வாரங்கள் கிடந்து உயிர் பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிறகு நடை, பேச்சு, சமையல் எல்லாம் சரியாக இருந்தன. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தது, கல்யாணம், பிள்ளை பிறந்தது எல்லாம் நினைவிருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு நடந்த எதுவும் நிற்கவில்லை. காலையில் சொன்னது பசியாறி முடிப்பதற்குள் போய்விடும்.

"அதெல்லாம் பழகிருச்சி மா. அதுக்காக வரல. அவளுக்கு ஒரு அக்கா. அம்மா சீக்கிரம் செத்துப்போனதால அக்காதான் தூக்கி வளத்தது. செராஸ்ல இருந்தாங்க. இவ ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடக்கும்போது அந்தக்கா ஹார்ட் அட்டாக்ல போயிட்டாங்க. இவளுக்கு அது தெரியாது. தெனம் காலைல எழுந்ததும் கேப்பா, அக்கா ஏன் என்னப் பாக்க வரலன்னு. நான் சொல்வேன். இவ அழுவா. அன்னிக்குத்தான் கேக்கற மாதிரி அழுவா. அப்புறம் மறந்துருவா. மத்தியானம் திரும்பக் கேப்பா."

அவர் தேநீரைக் கொஞ்சம் குடித்தார்.

"எல்லாம் ஞாபகம் வரணும்னு கேக்கல மா. அது ஒண்ணு மட்டும் நின்னா போதும். அக்கா போயிட்டாங்கன்னு ஒரே ஒரு தடவ அந்த சுவிட்ச்சு விழணும். அதுக்கு என்ன மருந்து இருக்கு?"

மருந்து எதுவும் இல்லை என்றேன். இது எலிகளில் செய்யும் ஆராய்ச்சி, மனிதர்களுக்கு வர எவ்வளவு காலம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னேன்.

"எலிக்குக் குடுக்கிறதயே குடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். உங்க மேல ஒரு கம்ப்ளெயிண்டும் வராது."

"எலிக்கு நாங்க ஒண்ணும் குடுக்கிறது இல்ல அங்கிள். கொன்னு, மூளையை எடுத்துப் பாக்கிறோம். அவ்வளவுதான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. ரேடியோவில் கேட்ட குரலும் எதிரில் இருந்த ஆளும் ஒன்றுதானா என்று பார்த்த மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்லாமல் இருக்கலாமே என்று கேட்டேன். அவருடைய மகன் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவனும் அதைத்தான் சொன்னானாம்.

"அவன் பேச்ச ஒரு தடவ கேட்டுப் பாத்தேன் மா. அக்கா இந்தியாவுக்குக் கோயில் பாக்கப் போயிருக்காங்கன்னு சொன்னேன். அவளுக்கு வந்துச்சே கோவம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாளா, அவ்ளோ பெரிய மனுசி ஆயிட்டாளான்னு திட்டினா. திரும்பத் திரும்பத் திட்டினா. செத்தவங்கள அவ வாயால திட்ட வச்சிட்டேன். அன்னியோட விட்டுட்டேன்."

அவர் உறையில் கொண்டுவந்திருந்த மூளைப் படத்தை வாங்கிக்கொண்டேன். எங்கள் பேராசிரியர் பினாங்குச் சீனர், அதிகம் பேசாதவர். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தான் மருத்துவர் இல்லை என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நண்பரிடம் கொண்டுபோனார். இரண்டொரு நாளில் பதில் வந்தது. புதிய செய்திகளைப் பதியவைக்கும் பகுதி இரண்டு பக்கமும் அழிந்துவிட்டது. அதற்கு முன்னால் பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. பயமும் வேதனையும் அங்கேதான் பதியும். இடது பக்கம் அதுவும் போய்விட்டது. வலது பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பேராசிரியர் இதைச் சொல்லிவிட்டு, "அவர்களுக்கு வீண் நம்பிக்கை கொடுக்காதே. ஆனால் படத்தை நேரில் கொண்டுபோய்க் கொடு," என்றார்.

சனிக்கிழமை கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் கிளாங்குக்குப் போனேன். நிலையத்தில் அவரே பழைய காரோடு காத்திருந்தார். ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூலை வீடு. வாசலில் செம்பருத்தி, ஒரு வரிசைச் சப்பாத்துகள். அவர் மனைவி வெளியே வந்து என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சற்றுப் பருத்த உடம்பு, நிறைய நரை, மிகவும் உற்சாகமான முகம். நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"யாரு பொண்ணும்மா நீ?"

பிரிக்ஃபீல்ட்ஸ் என்றேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்றேன். "அப்ப சிலோன்காரங்க," என்று சிரித்தார். தேநீர் போட உள்ளே போனார். தட்டோடு வந்தபோது என்னைப் பார்த்து மறுபடியும் அதே மலர்ச்சியோடு, "யாரு பொண்ணும்மா நீ?" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். அவர் மறுபடியும் சிரித்தார்.

அவர் சமையலறையில் இருந்த நேரத்தில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் புரதம் அவர் மனைவிக்கும் இருக்கிறது, அதில் குறை இல்லை; அது வேலை செய்யவேண்டிய இடத்தில் நரம்பணுக்களே இல்லை. அவர் தலையாட்டினார்.

"சுவிட்ச்சு நல்லாத்தான் இருக்கு. அது எரிய வைக்கிற ரூம்பே இல்ல."

"அப்படித்தான் அங்கிள்."

"அத மாத்த முடியாது."

"முடியாது."

"சரி மா. இத வீட்டுக்கே வந்து சொன்னதுக்கு நன்றி."

அவர் மனைவி தேங்காய் துருவிக்கொண்டே கூடத்துக்கு எட்டிப் பார்த்தார். "ஏங்க, அக்கா ஏன் இந்தப் பக்கமே வரல? உடம்பு சரியில்லையா?"

அவர் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். "அக்கா இல்லம்மா. தவறிட்டாங்க."

"எப்ப?"

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப."

"எனக்கு ஏன் யாருமே சொல்லல?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை, வாசலுக்குப் போய்விட்டேன். அழுகைச் சத்தம் வெளியே கேட்டது. பிறகு குறைந்தது. பிறகு தேங்காய் துருவும் சத்தம் திரும்பவும் வந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "ஏன் என் கண்ணு இப்படி எரியுது?" என்று கணவரைக் கேட்டார்.

"வெங்காயம் உரிச்சே," என்றார் அவர்.

மீன் கறி நன்றாக இருந்தது. உப்பு சரியாக இருந்தது. உப்பை அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் கணவர்தான் எடுத்து வைப்பாராம். கிண்ணம் காலியாக இருந்தால் போட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆய்வுக்காக அல்ல, அந்த அம்மாவைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கும் குறைவாக. ஏன் போனேன் என்று இப்போது யோசித்தால் தெளிவான காரணம் தோன்றவில்லை. சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை. அந்த வீட்டில் ஒவ்வொரு முறையும் என்னைப் புதிதாக வரவேற்றார்கள். அதில் ஒரு சௌகரியம் இருந்தது.

ஒரு வருஷம் போனபின் மாற்றம் தெரிந்தது. முதலில் கவனித்தவர் கணவர்தான்.

"இப்பல்லாம் அவ கேக்கறது இல்ல மா."

"எத?"

"அக்காவ. ஒரு வாரமா ஒரு தடவகூட கேக்கல. கேக்க வாயெடுப்பா, என் மொகத்தப் பாப்பா, வெளக்கமாத்த எடுத்துட்டுப் போயிருவா. அவளுக்கு நின்னுருச்சோ? ஞாபகம் வந்துருச்சோ?"

அவர் குரலில் இருந்த நம்பிக்கை எனக்குச் சங்கடமாக இருந்தது. அன்று மதியம், அவர் அனுமதியோடு, அந்த அம்மாவிடம் நானே கேட்டேன். இருவரும் பின்கட்டில் கங்குங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"ஆன்டி, உங்க அக்கா எங்க இருக்காங்க?"

"செராஸ்ல." யோசிக்காமல் வந்தது பதில்.

"ஒரு நாள் போய்ப் பாக்கலாமா?"

அவர் கை நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சேலை மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூச்சு வேகமாக வந்தது.

"வேணாம்மா."

"ஏன் ஆன்டி?"

"தெரியல. இன்னொரு நாள் பாத்துக்கலாம். அந்தப் பேச்சு வேணாம்."

கீரையைக் கழுவக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது என்னைப் பார்த்து, யார் பொண்ணு என்று கேட்டார்.

அக்கா இறந்த செய்தி அவருக்குள் இல்லை. செய்தி வந்த ஒவ்வொரு முறையும் பட்ட அடி மட்டும் இருந்தது. அக்கா என்ற பேச்சை எடுத்தால் ஏதோ மோசமானது நடக்கும் என்று உடம்பு கற்றுக்கொண்டிருந்தது. என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. மிச்சமிருந்த அந்தப் பாதாம்பருப்புத் துண்டில் தினமும் கால்சியம் பாய்ந்திருக்கும், அதே புரதம் தன் வேலையைச் செய்திருக்கும். எங்கள் எலிகளிலும் நாங்கள் வெட்டி எடுத்தது அந்தத் துண்டைத்தான். இது என் ஊகம். அவர் தலையைத் திறந்து பார்க்க முடியாது என்பதால் ஊகமாகவே இருக்கும்.

கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அடுத்த முறை போனபோது சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றுவதை நிறுத்தவில்லை.

"அப்ப அவளுக்குத் தெரியாது. பயம் மட்டும் இருக்கு."

"அப்படித்தான் நினைக்கிறேன் அங்கிள்."

"நான்தான் அவள பயமுறுத்தி வச்சிருக்கேன். தெனம் அடிச்சி அடிச்சி."

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். அவர் விசிறியின் இறக்கைகளைத் துடைத்து வரிசையாகத் தாளின் மேல் வைத்தார்.

"இன்னொண்ணு கேளுங்க மா. முன்ன அவ அக்காவப் பத்தி நெறைய கத சொல்வா. தோட்டத்துல அக்கா இவள இடுப்புல வச்சிக்கிட்டே பால் மரம் வெட்டினது, ஆத்துல சட்டை போனது, எல்லாம். நான் நூறு தடவ கேட்ட கத. இப்ப அதுவும் சொல்றது இல்ல. சாவுச் செய்திய நிக்க வைக்கப்போயி அந்தக்காவையே நிறுத்திட்டேன்."

அதை நான் யோசித்திருக்கவில்லை.

அதன்பின் அவர் செய்ததை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே ஆரம்பித்தார். தினமும் சாயங்காலம், மனைவி தலை வாரிக்கொண்டு வாசலில் உட்காரும் நேரத்தில், அக்காவின் கதைகளில் ஒன்றை அவரே சொல்வார். முதலில் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாராம். அவர் விட்டுவிடுவார், பின்னால் போகமாட்டார். மறுநாள் மறுபடி சொல்வார். கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்: சட்டை ஆற்றில் போனதை, செருப்பு போனது என்பார். பல மாதங்கள் அப்படிப் போயின. நான் அங்கே இருந்த ஒரு சாயங்காலமும் அப்படித்தான் சொன்னார். அந்த அம்மாவின் விரல்கள் சேலையைப் பிடித்தன, ஆனால் எழுந்திருக்கவில்லை.

"செருப்பா? எங்க அக்கா எங்க செருப்பு போட்டா? அது சட்டைங்க. நீல சட்டை."

"சட்டையா? நான் செருப்புன்னுல்ல நெனச்சேன்."

"இவருக்கு எல்லாம் மறந்து போச்சி மா," என்று என்னிடம் சொன்னார் அந்த அம்மா. பிறகு முழுக் கதையையும் அவரே சொன்னார். முடிந்ததும் அக்கா எங்கே என்று கேட்கவில்லை.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. சில நாள் முகம் இறுகி உள்ளே போய்விடுவார் என்றும், எப்போதாவது ஒரு காலையில் பழைய கேள்வி வந்துவிடும் என்றும் கணவர் சொன்னார். கேள்வி வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டா உண்மையத்தான் சொல்வேன். ஆனா இப்ப ஒடனே சொல்றது இல்ல. அவங்க உன்ன எப்படி வளத்தாங்க சொல்லுன்னு கேப்பேன். சொல்ல ஆரம்பிச்சா பாதி நாள் கேள்வி போயிரும்."

என் ஆய்வு முடிந்தது. முடிவுகள் சுமார்தான், பட்டம் கொடுக்க அது போதும். ஷா ஆலமில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தர ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. மூளையும் எலியும் இல்லாத வேலை, எனக்கு அது பிடித்திருந்தது. சனிக்கிழமைகளிலும் வேலை இருந்ததால் கிளாங் போவது குறைந்தது. ஒரு தீபாவளிக்குப் போனேன், மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். அந்த அம்மா எனக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தார். யாருக்குக் கட்டுகிறோம் என்று தெரியாமலே நிறையக் கட்டினார்.

அதற்கு அடுத்த வருஷம் வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி தொலைபேசியில் சொன்னார். புது எண் அவரிடம் இல்லை. அங்கிள் கடைசியாக வந்தபோது செம்பருத்திச் செடியை வேரோடு தோண்டி எடுத்துப் போனார் என்றும், ஆன்டி காருக்குள் இருந்தபடி தன்னைப் பார்த்துக் கையசைத்தார் என்றும் சொன்னார். யார் என்று தெரிந்து அசைத்தாரா என்று நான் கேட்கவில்லை.